மூன்றாம் பக்கத்தில் இருந்த பெயர்

தாராபுரம்
28.01.2024

என் தம்பியின் பெண்சாதி, மச்சி பாத்தும்மாவுக்கு ஆதம்பாவா மச்சான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகள் றஸ்னாவும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் வாடைக் காற்றோடு சண்டை பிடிக்கிறது. உங்கள் சுகத்தையும் பிள்ளை ஜெஸ்லியாவின் சுகத்தையும் எழுதுங்கள்.

இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். எழுபத்தொரு வயதில்! வெள்ளிக்கிழமை தொடங்கினேன், இன்று ஞாயிறு. "வாப்பா, நீங்க சொல்லுங்கோ, நான் எழுதித் தாறன்" என்றாள் றஸ்னா. பேனையைத் தொடவிடவில்லை.

தம்பி சாஹுல் ஹமீட் போய் இன்றோடு இருபது நாள். எனக்கு இருந்த ஒரே தம்பி. இரண்டு வருஷம், கிழமைக்கு இரண்டு தரம், இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு நாலு மணித்தியாலம் படுத்திருப்பான். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். ஒருநாள், "காக்கா, என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருக்காதீங்கோ, பயமாக் கிடக்கு. அந்தச் சுவரில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்கோ" என்றான். 'கைகளைக் கழுவவும்' என்று இருந்தது. அதுதான் என் முதல் பாடம். பிறகு மருந்துப் பெட்டி, பஸ் பெயர்ப் பலகை, பழைய பேப்பர். தம்பிக்கு மண் போடுவதற்கு முன்னமே கிராம விதானை மரணத்தைப் பதியும் தாளோடு மைப் பெட்டியை நீட்டினார். "பெருவிரல வையுங்கோ" என்றார். பெட்டியைத் தள்ளிவிட்டுப் பெயரை எழுதினேன். தம்பி பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொரு ஆத்திரமும் உண்டு. நீங்கள் புருஷனுக்காக இத்தாவில் இருக்கிறீர்கள், என் குரல் போனில்கூடக் கேட்கக் கூடாது என்று உங்கள் உம்மா சொல்லிவிட்டா. என் குரலில் என்ன இருக்கிறது? இருமல்தான் இருக்கிறது. போகட்டும், அதனால்தான் கடிதம்.

காரியம் இதுதான். சிலாவத்துறையில் நீங்கள் இருக்கும் காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. ஆள் மௌத்தாகி ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். தம்பி இரண்டு வருஷம் தன் முடிவைத் தெரிந்துகொண்டே இருந்தவன், எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருப்பான். பத்திரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

கை நோகிறது. ஆனாலும் இன்னும் ஒரு பக்கம் எழுத ஆசையாக இருக்கிறது.

ஸலாத்துடன்,
ஆதம்பாவா (நானே எழுதியது)


சிலாவத்துறை
09.02.2024

மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை ஜெஸ்லியா இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். அவர் இருந்திருந்தால் ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டியிருப்பார். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவுங்கள். எனக்குக் குறை ஒன்றுமில்லை. வெள்ளை உடுத்தி அறைக்குள் இருக்கிறேன். நெல்லைக் கொத்திக்கொண்டு போகும் மயில்களைத்தான் கலைக்க முடியவில்லை.

கடுதாசிகள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. இத்தா முடியட்டும், மச்சான். அவசரம் இல்லை.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
பாத்தும்மா


தாராபுரம்
14.02.2024

மச்சிக்கு ஸலாம். எண்ணெய் தடவினேன், முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. பிள்ளைக்கு என் அன்பு.

அவசரம் இல்லையா? யார் சொன்னது? நேற்றுக் காணிக் கந்தோருக்குப் போனேன். வாசலில் ஒரு கழுதை படுத்திருந்தது. அதை ஒருவரும் எழுப்பவில்லை. வாங்குப் பலகையில் இருந்த என்னை மூன்று தரம் எழுப்பினார்கள். வருகைப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றவன், "அய்யா, கடிதமா எழுதுறீங்க?" என்று கேட்டான். "பேர்தான் மகன். கொஞ்சம் பெரிய பேர்" என்றேன்.

உள்ளே இருந்த எழுதுவினைஞர் வேறு மாவட்டத்துப் பொடியன், வந்து ஒரு மாதம்தானாம்.

"மனுசி நேரில வரவேணும்" என்றார்.

"அவ இத்தா, தம்பி. மே மாசம் நடுப்பகுதி மட்டும் வெளிக்கிட ஏலாது."

"எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆஸ்பத்திரியில இல்ல, வீட்டில."

"வீட்டிலயெண்டா வரலாம்தானே, அய்யா?"

புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் எங்கள் பெண்கள் வெளியே வருவதில்லை என்று அரை மணித்தியாலம் விளக்கினேன். தலையை ஆட்டினார். கடைசியில், "அப்ப பத்திரத்தையாவது கொண்டு வாங்கோ. அதில இருக்கிற இலக்கம் இல்லாம கோப்பு எடுக்கேலாது" என்றார். அதற்காகவா இவ்வளவு நேரம்?

ஆகவே பத்திரத்தை அனுப்புங்கள். தொலைந்துவிடும் என்று பயந்தால் கொப்பி எடுத்து அனுப்புங்கள்.

பதிலைப் பார்த்திருக்கும்,
ஆதம்பாவா


தாராபுரம்
09.03.2024

மச்சிக்கு ஸலாம். எல்லோரும் சுகம்தானே?

நான் எழுதி இருபத்துநாலு நாள் ஆகிறது. எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு ஒருவரும் கடிதம் போடவில்லை, நானும் காத்திருக்கவில்லை. இப்போது தபால்காரரின் சைக்கிளைக் கண்டாலே எழுந்து நிற்கிறேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். இந்தத் தண்டனைக்கா நான் படித்தேன்?

மகன் நஸார் கட்டாரிலிருந்து போன் எடுத்தான். அவன்கூடக் கேட்டான், "சாச்சாட காணிப் பத்திரம் என்ன மாதிரி வாப்பா?" என்று. பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை, பாருங்கள். நோன்பு தொடங்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான். பசியோடு என்னைக் கந்தோருக்கும் வீட்டுக்கும் அலைய வைக்காதீர்கள்.

நான் என்ன அந்நியனா? ஒரு வரி எழுத என்ன கஷ்டம்?

ஆதம்பாவா


சிலாவத்துறை
22.03.2024

மச்சானுக்கு ஸலாம். நோன்பு நோற்க உடம்பு இடம் கொடுக்கிறதா? நாங்கள் நோற்கிறோம்.

நஸார் இங்கேயும் போன் எடுத்தார். ஜெஸ்லியா பேசினாள். "பத்திரம் ஆர்ர கையில இருக்கு? தண்ணி, கறையான் படாம வையுங்கோ" என்றாராம்.

கொப்பி இதனுடன் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

பாத்தும்மா


தாராபுரம்
27.03.2024

மச்சிக்கு.

ஸலாம் சொல்ல மறக்கவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும். ஆனால் சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். 'பின்னுரித்தாளரின் பெயர்' என்று அச்சடித்திருந்தது. அந்தச் சொல்லைக் கூட்டி வாசிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பக்கத்தில் இருந்ததை வாசிக்க ஒரு நொடியும் ஆகவில்லை. அது என் பெயர்.

றஸ்னாவிடம் கொடுத்தேன். அவளும் அதையே வாசித்தாள். கந்தோருக்குப் போனேன். அந்தப் பொடியன் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "மனுசி இருக்குமட்டும் இருக்கலாம், அதுக்குப் பிறகு காணி உங்களுக்குத்தான் அய்யா" என்று நல்ல செய்தி சொல்வது போலச் சிரித்தான். "மகள் ஒருத்தி இருக்கிறாளே?" என்றேன். "மகளிட பேர் இல்லையே" என்றான்.

எண்பத்திரண்டாம் ஆண்டு எழுதிய பத்திரம். அப்போது அவனுக்குக் கலியாணம் இல்லை, காக்காவின் பெயரைக் கொடுத்தான், சரி. அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு வருஷம்! கலியாணம் முடித்தான். பிள்ளை பிறந்தது. அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. ஒரு நாள் கந்தோருக்குப் போய் ஒரு பெயரை மாற்ற நேரம் இல்லையா? பெற்ற பிள்ளையைப் பற்றி யோசிக்காதவன் என்ன வாப்பா? இரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்திருந்து ஊசிப் பெட்டியில் இருந்த எழுத்தையெல்லாம் வாசிக்க வைத்தவன், இந்த ஒரு வரியை ஏன் வாசித்துக் காட்டவில்லை? மௌத்தானவரை ஏசக் கூடாது. நோன்பு நாளில் அறவே கூடாது. ஏசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவனை மட்டும் இல்லை, உங்களையும்தான். இரண்டு மாதம் பத்திரத்தை ஒளித்து வைத்தீர்களே, என்னைத் திருடன் என்றா நினைத்தீர்கள்? உங்கள் பிள்ளை குடியிருக்கும் மண்ணை நான் எடுப்பேனா?

நஸாரிடம் சொன்னேன். அவனுக்கு முன்னமே தெரியும்! போன வருஷம் லீவில் வந்தபோது கந்தோரில் விசாரித்தானாம். "வாப்பா, சிலாவத்துறையில உங்கட காணியும் சாச்சாட காணியும் பக்கத்தில பக்கத்தில. சேர்த்தா நல்ல இறால் பண்ணை போடலாம். மார்க்கப்படி பாத்தாலும் தம்பிட சொத்தில உங்களுக்குப் பங்கு இருக்குத்தானே?" என்றான். "பங்கு இருக்கு. அதை விட்டுக்கொடுக்கவும் மார்க்கத்தில இடம் இருக்கு" என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பேன். என் கையால் எழுதுவேன்.

ஆதம்பாவா


சிலாவத்துறை
05.04.2024

மச்சானுக்கு ஸலாம். உங்கள் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி எனக்கும் கொஞ்சம் கோபப்பட அனுமதி வேண்டும்.

தொண்ணூறில் சண்டை நேரம் முஸ்லிம்களாகிய எங்களை ஊரை விட்டு வெளியேற்றியபோது நீங்களும் அவரும் உங்கள் உம்மாவைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினீர்கள். உங்கள் இருவரின் பத்திரங்களையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவள் நான். புத்தளத்து முகாமில் ஒரு மழைக்குப் பிறகு அவற்றை விரித்துக் காய வைத்தேன். அப்போது வாசித்தேன். இந்த மூன்றாம் பக்கத்தை முப்பத்துமூன்று வருஷமாக நான் அறிவேன். ஜெஸ்லியா பிறந்த நாளிலிருந்து அவரிடம் சொல்லி வந்தேன். "காக்காட பேரை வெட்டப் போறன் எண்டு அவர்ட்ட எப்பிடிச் சொல்றது? அவர் என்ன நினைப்பார்?" என்பார். சிறுநீரக வருத்தம் வந்த பிறகு மெஷினுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் "இண்டைக்குச் சொல்றன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பி வந்து, "காக்கா இண்டைக்கு ஒரு பந்தி முழுக்க வாசிச்சார்!" என்பார். அவ்வளவுதான். தன்னை அடக்க வேண்டிய கபன் துணியை வாங்கி மடித்து வைத்த மனுஷன், தன் காக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டார்.

உங்கள் இருவரின் மரியாதைக்கு நடுவில் என் பிள்ளை நிற்க இடம் இல்லாமல் இருந்தாள். இரண்டாயிரத்துப் பத்தில் திரும்பி வந்தபோது முள்ளுக் காடாகக் கிடந்த காணியை வெட்டியது யார்? என் கையைப் பாருங்கள் என்று சொல்வேன், நீங்கள் பார்க்க முடியாது.

உங்களைத் திருடன் என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத காலத்தில் எனக்குப் பயமும் இருக்கவில்லை. பெயர் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ஒரு மனுஷனின் மனம் எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்? நஸார் போன் எடுத்த பிறகு அந்தப் பயம் கூடிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். அவரை இவ்வளவு ஏசுகிறீர்களே, உங்கள் சொந்தப் பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்தீர்களா? அன்று கந்தோருக்குப் போனது இரண்டு பேர்.

பாத்தும்மா


தாராபுரம்
13.04.2024

மச்சிக்கு ஸலாம். பெருநாள் நல்லபடி போனதா? றஸ்னா வட்டிலப்பம் செய்தாள்.

உங்கள் கடிதம் பெருநாளைக்கு முதல் நாள் வந்தது. அலுமாரியைத் திறந்து என் பத்திரத்தை எடுத்தேன். சாஹுல் ஹமீட் என்று இருந்தது.

இப்போது நினைவு வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "உமக்குப் பிறகு ஆர்?" என்று கேட்டார். நான் தம்பியைக் காட்டினேன். அடுத்தது அவனைக் கேட்டார். அவன் என்னைக் காட்டினான். "நல்ல சோடி" என்று சிரித்தார். இரண்டு பெருவிரலையும் ஒரே பெட்டியில் தொட்டோம். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் மச்சி! காக்கா மைப் பெட்டியில் விரல் வைத்தபோது தான் மட்டும் பேனை பிடிக்க வெட்கப்பட்டு அவனும் விரல் வைத்தான். இப்படிப்பட்டவனைத்தான் நான் நோன்போடு ஏசினேன்.

ஏசியதைத் திருப்பி வாங்கமாட்டேன். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. நாற்பத்திரண்டு வருஷம் நானும்தான் கந்தோருக்குப் போகவில்லை.

மனைவியும் இல்லாத நான் நாளை மௌத்தானால் என் காணி ஒரு மையித்துக்கு, என் தம்பிக்குப் போகும். கந்தோர்ப் பொடியனிடம் கேட்டேன். பெயர் உள்ளவர் இல்லையென்றால் விசாரணை வைப்பார்களாம். உரிமை கேட்டு யார் வருகிறார்களோ அவர்களை வைத்து முடிவு எடுப்பார்களாம். கேட்டு வரக்கூடியவன் நஸார்தான். றஸ்னா வாயைத் திறந்து எதையும் கேட்கமாட்டாள். புருஷன் விட்டுப்போனபோதுகூட ஏன் என்று கேட்காதவள்.

நேற்று அவளிடம், "நான் மௌத்தானா நீ எங்க மகள் இருப்ப?" என்றேன்.

"ஏன், இங்கதான்."

"இது நஸார் நானா கட்டின வீடு."

"நானா ஒரு மூலை தருவார்தானே வாப்பா" என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

ஒரு மூலை! ஏழு வருஷம் என் சோறு, என் உடுப்பு, என் மருந்து எல்லாம் பார்த்த பிள்ளைக்கு ஒரு மூலை. என்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

உங்கள் இத்தா முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகப் போவோம். ஜெஸ்லியாவின் காரியமும் றஸ்னாவின் காரியமும் ஒரே நாளில் முடியட்டும்.

இப்படிக்கு, ஏச்சு வாங்க வேண்டிய,
ஆதம்பாவா


சிலாவத்துறை
25.05.2024

மச்சானுக்கு ஸலாம். செவ்வாய்க்கிழமை அலைச்சலுக்குப் பிறகு முழங்கால் எப்படி? நாலு மாதத்துக்குப் பிறகு வெயிலைக் கண்டு என் கண் இன்னும் கூசுகிறது.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 'இந்தக் காணி எனக்கு வேண்டாம், என் தம்பியின் மகளுக்குக் கொடுங்கள்' என்று அத்தனை பேர் முன்னால் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தப் பொடியன் பேனையை வைத்துவிட்டு, நீங்கள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஜெஸ்லியாவின் பெயர் கோப்பில் ஏறிவிட்டது. நேற்று இரவு அவள் அந்தப் பற்றுச்சீட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்து உங்கள் கோப்பை எடுத்து, "இனி ஆர்ர பேர் அய்யா?" என்று கேட்டபோது, நீங்கள் றஸ்னாவைப் பார்த்தீர்கள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்து, மூன்று கிழமை தவணை கேட்டீர்கள். பஸ்ஸில் றஸ்னா என் பக்கத்தில் இருந்தாள். நான் கையைப் பிடித்தேன். "பரவாயில்ல சாச்சி" என்றாள். அவளுடைய அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

தம்பியின் மகளுக்கு இருந்த மனம் சொந்த மகளுக்கு ஏன் இல்லை, மச்சான்? நஸாரை நினைத்துப் பயமா? என் பிள்ளையின் காரியம் முடிந்துவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இருக்கமாட்டேன். முப்பத்துமூன்று வருஷம் மூடியிருந்தது போதும்.

கோபத்துடனும் துஆவுடனும்,
பாத்தும்மா


தாராபுரம்
02.06.2024

அன்பு மகன் நஸாருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கட்டாரில் வெயில் கடுமை என்று டீவியில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி. எனக்குச் சுகம். உன் தங்கச்சிக்கும் சுகம்.

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். தபாலில் போனால் காலம் எடுக்கும். அதனால் றஸ்னா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசித்துவிட்டுத்தான் அனுப்புவாள். வாசிக்கட்டும்.

வருகிற பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, காணிக் கந்தோருக்குப் போகிறேன். என் காணிக்கு எனக்குப் பிறகு றஸ்னாவின் பெயரை எழுதப் போகிறேன். சாச்சாவின் காணி ஜெஸ்லியாவுக்கு எழுதியாயிற்று. நாம் இருக்கும் வீடு நீ உழைத்துக் கட்டியது, அது உன்னுடையது. அதில் ஒரு செங்கல்லையும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. உனக்கு இரண்டு கையும் கட்டாரும் இருக்கின்றன. அவளுக்கு ஒரு தையல் மெஷின் இருக்கிறது. இறால் பண்ணை வேண்டுமென்றால் அவளிடம் கேள். தருகிறாளா இல்லையா என்பது அவளுடைய விருப்பம்.

போன மாதமே இதை முடித்திருக்கலாம். மேசைக்கு முன்னால் இருந்தபோது பேனையைத் திறந்துவிட்டேன். அப்போது யோசித்தேன், உன்னிடம் சொன்னேனா என்று. சொல்லவில்லை. உன் சாச்சா என்னிடம் சொல்ல வெட்கப்பட்டதற்காக இரண்டு மாதம் அவனை ஏசிவிட்டு, நானும் அதே வேலையைச் செய்யப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் பன்னிரண்டு நாளாகப் போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். வாயால் சொல்ல என்னாலும் முடியவில்லை. எழுத முடிகிறது. மூன்று தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன். உன் சாச்சி என்னைக் கோழை என்று நினைக்கிறா. அவவுக்கும் நாளைக்கு எழுதுவேன்.

நீ சாச்சி வீட்டுக்குப் போன் எடுத்து அந்தப் பெண்களைப் பயப்படுத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் கேட்காமல் கந்தோரில் விசாரித்ததும் பிடிக்கவில்லை. உன்னை வளர்த்த விதத்தில் என் பிழையும் இருக்கும். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வருகிறது.

உனக்கும் கோபம் வரும். வரட்டும். பதினோராம் திகதி வரைக்கும் ஒன்பது நாள் இருக்கிறது. கோபப்படுவதென்றால் இப்போதே கோபப்படு மகன், நான் உயிரோடு இருக்கும்போது. நான் மண்ணுக்குள் போன பிறகு உன் தங்கச்சியிடம் போய்க் கோபப்படாதே. அவள் பதில் சொல்லமாட்டாள். நான் சொல்வேன். எத்தனை பக்கம் எழுதினாலும் வாசிப்பேன், எத்தனை நாள் எடுத்தாலும் பதில் எழுதுவேன்.

உன் வாப்பா
ஆதம்பாவா